ஒரு அட்டைக்கு 100 கோடி ரூபாயா? பேஸ்பால் கார்டு விலையை முடிவு பண்றது யாரு?

2024 கிறிஸ்துமஸ் அன்று லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த 11 வயது சிறுவன் ஒரு பேஸ்பால் கார்டு பாக்கெட்டைப் பிரித்தான். உள்ளே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் இளம் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸின் கார்டு. அவர் முதல் மேட்ச்சில் போட்டிருந்த ஜெர்சியின் துணி பேட்ச் அதில் பதிக்கப்பட்டிருந்தது, கூடவே அவர் கையெழுத்து. உலகத்திலேயே இது ஒன்றே ஒன்றுதான்!

கார்டைக் கொடுத்தால் 30 வருஷத்துக்கு சீசன் டிக்கெட் தருகிறோம் என்று பைரேட்ஸ் அணியே சொல்லிப் பார்த்தது. சிறுவனின் குடும்பம் ஏலத்தைத் தேர்ந்தெடுத்தது. 2025 மார்ச்சில் கார்டு போன விலை 11.1 லட்சம் டாலர். நம்ம ஊர் கணக்கில் ஒன்பது கோடி ரூபாய்க்கு மேல்.

அதிர்ஷ்டக்காரப் பையன், சரி. ஆனால் இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. கார்டை அச்சடித்தது டாப்ஸ் நிறுவனம். டாப்ஸை 2022 ஜனவரியில் வாங்கியது ஃபனாட்டிக்ஸ். ஏலம் விட்டதும் ஃபனாட்டிக்ஸின் ஏலத் தளம்தான். அச்சடிப்பவர், 'ஒன்றே ஒன்று' என்று முடிவு செய்பவர், ஏலம் விடுபவர் எல்லாம் ஒரே வீட்டுக்காரர்!

பழைய கார்டுகள் கதையே வேற

அந்தக் காலத்து கார்டுகள் அரிதானது யாரும் திட்டமிட்டு நடந்தது இல்லை. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள் வீரர்கள் படம் போட்ட அட்டைகளை வைத்தது. அதில் ஹோனஸ் வாக்னர் கார்டு மட்டும் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் புகையிலை பக்கம் போகக்கூடாது என்று அவர் எதிர்த்தார் என்கிறார்கள். இல்லை, காசு கேட்டார் என்றும் சொல்கிறார்கள். எப்படியோ, இன்று மிஞ்சியிருப்பது ஐம்பது, அறுபது பிரதிகள்தான். அதில் ஒன்று 2022-ல் 72.5 லட்சம் டாலருக்கு கைமாறியது.

1952-ல் டாப்ஸ் போட்ட மிக்கி மேன்டில் கார்டின் கதை இன்னும் சுவாரஸ்யம். அந்த வரிசை சீசன் முடியும் நேரத்தில் கடைக்கு வந்ததால் விற்கவே இல்லை. பெட்டி பெட்டியாகத் தேங்கியதை 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார்கள். கொட்டச் சொன்னவர் அதே கார்டை வடிவமைத்த டாப்ஸ் அதிகாரி சை பெர்கர். இத்தனைக்கும் இது மேன்டிலின் முதல் கார்டுகூட இல்லை. 1951-லேயே போமன் நிறுவனம் அவர் கார்டைப் போட்டுவிட்டது. ஆனாலும் 2022 ஆகஸ்ட்டில் ஹெரிடேஜ் ஏலத்தில் ஒரு மேன்டில் டாப்ஸ் கார்டு 1.26 கோடி டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 100 கோடி ரூபாய். அதை விற்றவர் 1991-ல் வாங்கிய விலை 50,000 டாலர்.

எல்லாரும் பத்திரமா வெச்சா என்ன ஆகும்?

இந்த மாதிரி செய்திகளைப் படித்துவிட்டு 1980-களின் கடைசியில் அமெரிக்கர்கள் பெட்டி பெட்டியாக கார்டு வாங்கி பரணில் அடுக்கினார்கள். பிள்ளைகள் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று நம்பியவர்களும் உண்டு. நிறுவனங்களும் கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின. 1994-ல் வீரர்கள் வேலைநிறுத்தத்தால் வேர்ல்டு சீரிஸே ரத்தானது. கார்டு சந்தையும் படுத்துவிட்டது. பழைய கார்டுகளுக்கு விலை வந்ததே மற்றவர்கள் தூக்கிப் போட்டதால்தான். இந்த முறை யாருமே தூக்கிப் போடவில்லை. அந்தக் காலகட்டத்துக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் பெயரே 'ஜங்க் வேக்ஸ்', அதாவது குப்பைக் காலம்.

அதில் பாடம் கற்றது நிறுவனங்கள்தான். இப்போதெல்லாம் கார்டிலேயே எண் போட்டு, இத்தனைதான் என்று சொல்லி விற்கிறார்கள். பத்து, ஐந்து, கடைசியில் ஒன்று. மைக் ட்ரௌட்டின் அப்படிப்பட்ட ஒற்றைக் கார்டு 2018-ல் 4 லட்சம் டாலர். 2020 ஆகஸ்ட்டில் 39 லட்சம் டாலர். கடலில் கொட்டிக் கிடைத்த அரிதுத்தன்மையை இப்போது ஃபேக்டரியிலேயே தயாரிக்கிறார்கள். பாக்கெட் வாங்கும் மற்றவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில்லறை விலை பெறாத அட்டைகள். லாட்டரி மாதிரிதானே என்று கேட்டால், கிட்டத்தட்ட அப்படித்தான்.

மார்க் போடுறவங்க மேல நம்பிக்கை வைக்கலாமா?

விலையைத் தீர்மானிக்கும் இன்னொரு விஷயம் 'கிரேடிங்'. கார்டின் முனை மழுங்கியிருக்கா, படம் நடுவில் இருக்கா என்று பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு சீல் வைப்பார்கள். அரை மார்க் வித்தியாசத்தில் பல கோடி மாறும். 2021 ஜனவரியில் 9 மார்க் வாங்கிய மேன்டில் கார்டு 52 லட்சம் டாலர். மேலே சொன்ன 1.26 கோடி டாலர் கார்டுக்கு மார்க் 9.5. இரண்டுக்கும் ஒன்றரை வருஷ இடைவெளியும் இருக்கிறது, முழுக்க மார்க்கால் மட்டும் வந்த வித்தியாசம் என்று சொல்ல முடியாது.

இந்தத் துறையில் பெரிய நிறுவனம் பிஎஸ்ஏ. அது 1991-ல் முதன்முதலில் கிரேடு போட்ட கார்டே ஒரு ஹோனஸ் வாக்னர்தான். ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் கூட்டாளியும் 4.51 லட்சம் டாலருக்கு வாங்கியது. பிஎஸ்ஏ கொடுத்த மார்க் 8. 2007-ல் அது 28 லட்சம் டாலருக்கு விற்றது. 2013-ல் ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ நீதிமன்றத்தில் ஒரு உண்மையைச் சொன்னார்: அந்தக் கார்டின் ஓரத்தை வெட்டி அழகாக்கியது நான்தான்! ஓரம் வெட்டிய கார்டுக்கு கிரேடு கொடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. ஏலத்தில் பொய்யாக விலை ஏற்றிய மோசடி வழக்கில் 2015-ல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

கார்டின் மதிப்பு கூடக் கூட பிஎஸ்ஏ வாங்கும் கட்டணமும் கூடும். பிஎஸ்ஏவின் தாய் நிறுவனமான கலெக்டர்ஸ், 2024-ல் போட்டி நிறுவனமான எஸ்ஜிசியையும் வாங்கிவிட்டது. மேன்டிலுக்கு 9.5 போட்டது இந்த எஸ்ஜிசிதான். அச்சடிக்கும் பக்கம் ஒரே நிறுவனம் பெரிதாவது போல, மார்க் போடும் பக்கமும் நடக்கிறது. ஃபனாட்டிக்ஸ் சந்தையை முடக்குகிறது என்று போட்டி நிறுவனமான பனினி 2023-ல் வழக்குப் போட்டது. ஃபனாட்டிக்ஸும் பதிலுக்கு வழக்குப் போட்டது.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரங்க வீட்டில் பழைய கார்டு பெட்டி கிடைச்சா முதலில் பார்க்க வேண்டியது வீரர் பெயரை இல்லை, வருஷத்தை. 1987-க்கும 1993-க்கும் இடைப்பட்டதாக இருந்தால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் காலத்தில் மிகப் பிரபலமான 1989 அப்பர் டெக் கென் கிரிஃபி ஜூனியர் கார்டிலேயே 10 மார்க் வாங்கிய பிரதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சீல் வைத்த கார்டை ஆன்லைனில் வாங்குபவர்கள் உறையில் உள்ள எண்ணை பிஎஸ்ஏ தளத்தில் போட்டு, அங்கே வரும் விவரமும் கையில் உள்ள கார்டும் ஒத்துப் போகிறதா என்று பார்க்கலாம். ஆனால் உண்மையான எண்ணை காப்பியடித்து போலி உறை செய்பவர்களும் இருக்கிறார்கள். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது.