கூடாரத்துக்குள் அடுப்பா? காற்றுத் துவாரத்தை மூடாதீர்கள்

பனி மூடிய காட்டில், இருவர் படுக்கும் அளவில் ஒரு சிறிய கூடாரம். உள்ளே விறகு அடுப்பு எரிகிறது. அதன் புகைக்குழாய் துணியைத் தாண்டி வெளியே நீண்டிருக்கிறது. வெளியே உறைநிலைக்குக் கீழே 20 பாகை செல்சியஸ். உள்ளே ஒருவர் சட்டையோடு உட்கார்ந்து தேநீர் கலக்குகிறார். இத்தகைய காணொளிகளை மாணவர்கள் பலர் விரும்பிப் பார்க்கிறீர்கள். சாரணர் முகாமில் வியர்வையோடும் கொசுவோடும் படுத்துப் பழகிய நமக்கு அது கனவு உலகம்தான். ஆனால் அவற்றில் கதகதப்பைப் பற்றிப் பேசும் அளவுக்குக் காற்றைப் பற்றிப் பேசுவதில்லை. அதுதான் எனக்குக் கவலை.

கூடாரம் ஏன் சிறியதாக இருக்க வேண்டும்? நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்குங்கள். மேற்பரப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். வெப்பம் பெரும்பாலும் துணி வழியே வெளியேறுவதால், இழப்பும் அதே அளவுக்குக் குறையும். கொஞ்சம் விறகே போதும். இனி அதே கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பெரிய கூடாரத்தில் கசியும் அதே அளவு நச்சு வாயு, இங்கே எட்டு மடங்கு செறிவாகும்.

அந்த வாயு கார்பன் மோனாக்சைடு. போதிய ஆக்சிஜன் இல்லாமல் விறகோ கரியோ எரிவாயுவோ எரியும்போது உண்டாவது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம். நாள் முழுதும் பனியில் நடந்த களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவோம். தூக்கத்தில் எந்த அறிகுறியும் தெரியாது.

"துவாரத்தைத் திறந்து வைத்தால் சூடு போய்விடுமே, சார்" என்பீர்கள். கொஞ்சம் போகும், போகட்டும். புகைக்குழாய் வழியே சூடான காற்று மேலேறும்போது, கீழிருந்து புதிய காற்று உள்ளே வர வேண்டும். வழியை அடைத்தால் தீ மூச்சுத்திணறி இன்னும் அதிக நஞ்சைக் கக்கும். நம் மூச்சிலுள்ள நீராவியும் துணியில் படிந்து சொட்டி, உறக்கப்பையை நனைக்கும். நனைந்த பை குளிரைத் தாங்காது.

பின்லாந்து இராணுவத்தினர் கூடாரத்தில் 'கமினா' என்னும் அடுப்பை மூட்டித் தூங்குவார்கள். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்குவதில்லை. முறை வைத்து ஒருவர் விழித்திருந்து தீயைக் காவல் காப்பார். இருவர் மட்டும் போகும் முகாமில் அந்த வசதி ஏது? ஆகவே அடுப்பு மாலை நேரத்துக்கு மட்டும்; ஈரக் காலுறையை உலர்த்தவும் சமைக்கவும். படுக்குமுன் அது முழுதாக அணைந்திருக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் நம் உடலே ஏறக்குறைய 100 வாட் வெப்பம் தருகிறது. நல்ல உறக்கப்பையும், தரைக்குக் கடத்தப்படும் வெப்பத்தைத் தடுக்கும் தடித்த விரிப்பும் அதைக் காத்துக்கொள்ளும்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி உள்ளங்கையில் அடங்கும். அடுப்போடு சேர்த்தே அதை விற்க வேண்டும் என்பது என் கருத்து. விருப்பமிருந்தால் வாங்கலாம் என்று விடுவது தவறு. இறைச்சி வாட்டிய கரியடுப்பைச் சூட்டுக்காக உள்ளே எடுத்து வரவே கூடாது. அதற்குப் புகைக்குழாயே கிடையாது. சாம்பல் மூடி, அணைந்ததுபோல் தெரியும் கரியும் அந்த வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும்.