தவக்காலமும் ஊர்க்குரலும்

நம் பாட்டிமார் 'விபூதிப் புதன்' என்றனர். இன்று திருநீற்றுப் புதன் என்றும் சாம்பல் புதன் என்றும் அறிவிப்புப் பலகையில் எழுதுகிறோம். அவர்களுடைய தபசுகாலம் நம்முடைய தவக்காலம் ஆயிற்று. பூசை திருப்பலி ஆயிற்று; 'அர்ச்சியசிஷ்ட' என்ற அடை 'புனித' என்று சுருங்கிற்று; 'இஸ்பிரீத்து சாந்து' தூய ஆவியானார். ஒருசந்தி, சுத்தபோசனம் என்னும் சொற்களை இன்றைய இளைஞரிடம் சொன்னால் பொருள் விளங்காமல் விழிப்பர். சீர்திருத்தச் சபைகளைச் சார்ந்த நண்பர்கள் இதே நாற்பது நாள்களை லெந்து நாள்கள் என்று வழங்குகின்றனர்.

சொற்கள் மாறுவது குறித்து நமக்கு வருத்தமில்லை. தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நாம் சொல்மாற்றத்தைக் கண்டு அஞ்சுவது பொருந்தாது. சொற்களோடு சேர்ந்து மற்றொன்றும் நம் கைவிட்டுப் போகிறதே என்பதுதான் நம் கவலை. அது ஊர் மக்கள் ஒன்றாய்க் கூடித் தம் வாயால் பாடி, தம் வாயால் அழுத வழிபாடு.

நாம் சிறுவராயிருந்த காலத்தில், எம் கடற்கரை ஊரில் தவக்கால வெள்ளி மாலைகளில் வீடுகள் வெறிச்சோடிக் கிடக்கும். பதினான்கு தலங்களிலும் மண்டியிட்டு எழுந்து சிலுவைப்பாதை முடிந்தபின் வியாகுலப் பிரசங்கம் தொடங்கும். அதைப் படிப்பவர் குருவானவர் அல்லர்; ஊரார் ஒருவர். பள்ளிப் படிப்புக் குறைந்தவராயினும் அந்நூலின் நீண்ட வாக்கியங்களை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இழுக்க வேண்டும் என்பதைத் தம் தந்தையிடம் கேட்டுப் பழகியவர். உரைநடைதான், ஆனால் அது பேச்சாகவும் ஒலிக்காது, பாட்டாகவும் ஒலிக்காது. இடையிடையே பெண்கள் ஒப்பாரி எடுப்பர். அந்த ஆண்டில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயொருத்தி அக்கூட்டத்தில் இருப்பாள். மரியன்னையின் அழுகையோடு அவளுடைய அழுகையும் கலக்கும். எது யாருடைய அழுகை என்று பிரித்தறிய இயலாது. பிரித்தறிய வேண்டிய தேவையும் எவருக்கும் இருக்கவில்லை.

வியாகுலப் பிரசங்கத்தின் வரலாறு அறியத்தக்கது. அதை இயற்றியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். 1676இல் கோவாவில் பிறந்தவர். 1705இல் இலங்கைக்கு வந்தவர். 1742இல் அங்கேயே மறைந்தவர். அக்காலத்தில் இலங்கையின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்தனர். குருக்கள் மறைந்து திரிய வேண்டியிருந்தது. ஓர் ஊருக்கு ஒரு குரு ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் அதுவே பெரிது. அத்தகைய காலத்தில் கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். குரு வராத ஊரிலும் ஒருவர் படிக்க, மற்றவர் கேட்டு வழிபட அந்நூல்கள் உதவின. அவருடைய வியாகுலப் பிரசங்கம் ஈழத்தில் மட்டுமன்றித் தமிழகக் கரையூர்கள் பலவற்றிலும் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது. ஆட்சி மாறியது, தடை நீங்கியது. மக்கள் குரல் நிற்கவில்லை.

பீடத்தில் இலத்தீன் ஒலித்த காலம் அது. குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி நின்று சொன்ன மன்றாட்டுகள் பெரும்பான்மையோருக்கு விளங்கவில்லை. ஆயினும் பூசைக்கு வெளியே சிலுவைப்பாதையிலும், செபமாலையிலும், பிரசங்கத்திலும், ஒப்பாரியிலும் தமிழ் தங்கு தடையின்றி வாழ்ந்தது. பீடம் குருவினுடையது, துயரம் ஊருடையது. தவக்காலத்தில் அத்துயரமே வழிபாடாயிற்று.

1963ஆம் ஆண்டு திசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. அதன் பயனாய்த் திருப்பலி தமிழுக்கு வந்தது. குருவானவர் மக்களை நோக்கித் திரும்பினார். இது பெரும்பேறு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு முரணை இங்கே குறிப்பிட வேண்டும். பீடத்துக்குத் தமிழ் வந்தபின், பீடத்துக்கு வெளியே இருந்த தமிழ் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. திருப்பலியே தமிழில் இருக்கையில் பழைய பிரசங்கம் எதற்கு, ஒப்பாரி எதற்கு என்ற எண்ணம் பல இடங்களில் தலைதூக்கியது. இதற்குச் சங்கத்தைக் குறைகூறுவது முறையன்று. மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்கேற்க வேண்டும் என்பதே அத்திரட்டின் உயிர்நாடி. மக்களின் பக்தி முயற்சிகளைப் போற்ற வேண்டும் என்று அதன் 13ஆம் கூறு வெளிப்படையாகவே சொல்கிறது. சொன்னதை நாம்தாம் பாதி கேட்டு, பாதியை விட்டுவிட்டோம்.

பழையது அனைத்தும் நல்லது என்பது நம் கட்சியன்று. தவக்கால வழிபாட்டில் மாற வேண்டியவை இருந்தன, மாறின. ஒரு காலத்தில் பாஸ்கா திருவிழிப்பையே சனிக்கிழமைக் காலையில் நடத்தி முடித்தனர். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955இல் புனித வாரச் சடங்குகளைச் சீர்திருத்திய பின்னரே அது உரிய இரவு நேரத்துக்கு நிலையாகத் திரும்பியது. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரை இழிவுபடுத்திய சொல்லை 1959இல் இருபத்து மூன்றாம் யோவான் நீக்கினார். இயேசுவின் பாடுகளுக்காக அக்கால யூதர் அனைவர் மீதோ, இக்கால யூதர் மீதோ பழி சுமத்தலாகாது என்று 1965இல் சங்கம் அறிவித்தது. நம் பழைய பாடுகளின் நூல்களிலும் அத்தகைய கடுஞ்சொற்கள் உண்டு. அவற்றைச் சிறுவர் முன்னிலையில் இன்றும் அப்படியே படிப்பது அறமாகாது. பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படுவோருள் பெண்களும் இடம்பெறலாம் என்ற அனுமதி 2016இல்தான் வந்தது. அதுவும் காலந்தாழ்ந்த நீதியே.

'ஊர்' என்று நாம் பெருமையோடு சொல்லும் சொல்லுக்குள்ளும் ஒரு முள் இருக்கிறது. வடக்கன்குளம் ஆலயத்துள் சாதிவாரியாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கல்லாற் கட்டிய சுவர் வீழ்ந்த பின்னும், பாடுபட்ட சுரூபத்தை எத்தெருவார் சுமப்பது, ஊர்வலம் எத்தெருவரை செல்வது என்னும் பூசல்கள் பல ஊர்களில் தொடர்ந்தன. ஒருவர் தோளை விலக்கிவிட்டுச் சுமக்கப்படும் சிலுவை எவ்வாறு சமூக வழிபாடாகும்? எனவே பழைய ஊர்க்குரலை மீட்க வேண்டும் என்று கூறும்போது, அக்குரலில் இதுவரை சேர்க்கப்படாதோரையும் சேர்த்தே கூறுகிறோம்.

அவ்வாறாயின் நாம் எந்த மாற்றத்தைக் கண்டு கவலையுறுகிறோம்? எவரும் முடிவெடுத்துச் செய்யாத, ஓசையின்றி நுழைந்த மாற்றத்தைக் கண்டுதான். முதலில் ஒலிபெருக்கி வந்தது. முன்னிற்பவர் குரல் பெரிதாக, பின்னிற்போர் குரல் சிறிதாயிற்று. பின்னர் கீபோர்டு வந்தது. பாடகர் குழுவுக்கு ஏற்ற சுருதியில் பாட்டு எழும்ப, பாட்டிமாரின் தொண்டை எட்டவில்லை. ஆண்டுதோறும் புதுப் பாடல்கள் வந்தன. ஒன்றைக் கற்பதற்குள் மற்றொன்று வந்துவிட்டது. பழைய பாடல்களின் அமைப்பை நோக்குக. ஒருவர் ஓரடியைச் சொல்வார். ஊரார் அதையே திருப்பிச் சொல்வர், அல்லது மாறாத ஒரு பல்லவியைச் சொல்வர். நடை மெதுவானது. எழுத்தறியாதவரும் இரண்டாம் வெள்ளியன்றே உடன்பாடலாம். இன்று பாடல் வரிகள் திரையில் ஒளிர்கின்றன. படிக்கத் தெரிந்தவர்க்கு அது வசதிதான். ஆயினும் எல்லாரும் திரையைப் பார்க்கிறார்களேயன்றிப் பாடுவோர் சிலரே. சில இடங்களில் சிலுவைப்பாதையின் பாடலையே ஒலிப்பதிவிலிருந்து ஒலிக்க விடுகின்றனர். இயந்திரம் நமக்காக மனம் வருந்துமோ?

இம்மாற்றம் எவ்வளவு ஆழமாய் வேரூன்றியிருந்தது என்பதை 2020ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டுத் தவக்காலம் பிப்ரவரி 26இல் ஆலயத்தில் நெற்றிச் சாம்பலோடு தொடங்கியது. ஊரடங்கினால் வீட்டுக்குள்ளே முடிந்தது. முந்திய ஆண்டே இலங்கைச் சகோதரர் இதைவிடக் கொடிய முறையில் இந்நிலையை அறிந்திருந்தனர். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அங்கு ஆலயங்கள் மூடிக்கிடக்க, திருப்பலி தொலைக்காட்சி வழியாகவே மக்களை அடைந்தது.

2020 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி. எம் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் பாய் விரித்து அமர்ந்திருந்தோம். திரையில் குருவானவர் ஒருவர் வெறுமையான ஆலயத்தில் வழிபாட்டை நடத்திக்கொண்டிருந்தார். நாம் வாய்மூடிப் பார்த்திருந்தோம். சற்று நேரத்தில் எம் தாயார் எழுந்தார். பெட்டியின் ஒலியைத் தாமே குறைத்தார். கண்களை மூடிக்கொண்டு பழைய ஒப்பாரியை எடுத்தார். வயது எழுபதைக் கடந்தவர்; குரல் நடுங்கிற்று. இரண்டாம் அடியில் நாமும் சேர முயன்றோம். சொற்கள் நினைவுக்கு வரவில்லை. மூன்றாம் அடியில் பக்கத்து வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு குரல் சேர்ந்தது. பின் அதற்கும் அப்பாலிருந்து இன்னொன்று. முகம் காணாமல், கதவு திறவாமல், அரை மணி நேரம் அப்பெண்கள் பாடினர். தமிழில் முதுகலை பயின்று, கிறித்தவ இலக்கியம் பற்றி ஆண்டுதோறும் மாணவர்க்கு விரிவுரை ஆற்றும் நாம் அன்று சொல்லற்றவராய் அமர்ந்திருந்தோம்.

அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம். தேம்பாவணியையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் பாடத்திட்டத்தில் வைத்தோம். வேதநாயக சாஸ்திரியாரின் பெயரைத் தேர்வுக்கு வினாவாக்கினோம். மக்கள் நாவில் வாழ்ந்த பிரசங்கத்தையும் ஒப்பாரியையும் இலக்கியமென்று எண்ணவே நமக்குத் தோன்றவில்லை. அவற்றின் நடை வடசொல் மிகுந்தது என்று ஒதுக்கினோம். அக்குரல் தேய்ந்ததில் நம் துறைக்கும் பங்குண்டு.

இளைஞர் சொல்லும் மறுப்புகளையும் நேர்மையாகக் கருத வேண்டும். பழைய மொழி விளங்கவில்லை என்கின்றனர்; உண்மை. நேரம் மிக நீள்கிறது என்கின்றனர், அதுவும் உண்மை. வளைகுடாவில் உழைக்கும் மகன் தன் ஊர்ப் பெரிய வெள்ளியைக் கைப்பேசியில் கண்டு கண்ணீர் விடுகிறான். படுக்கையிலிருக்கும் நோயாளி இணைய வழியில் வழிபாட்டில் கலக்கிறார். இவற்றைப் பழிக்க நமக்கு மனமில்லை. வர இயலாதவர்க்குத் திரை ஒரு சாளரம். வந்து அமர்ந்தவரும் சாளரத்தின் வழியே பார்ப்பது போல் வாளாவிருப்பதே நாம் சுட்டும் குறை.

செய்யத்தக்கவை எளியவை. தவக்காலத்து வெள்ளிகளுள் ஒன்றையேனும் ஒலிபெருக்கியும் இசைக்கருவியும் இன்றி நடத்தலாம். குரல் கம்மினால் கம்மட்டும். பழைய நூல்களிலிருந்து வெறுப்புச் சொற்களை நீக்கி, அருஞ்சொற்களுக்குப் பொருள் சேர்த்துச் சிறு பதிப்புகள் கொண்டுவரலாம். இது தமிழாசிரியர் கடமை. படிக்கும் உரிமையைச் சில குடும்பங்களுக்கே விட்டுவிடாமல் எல்லாத் தெருவினர்க்கும், பெண்களுக்கும் முறைவைத்து அளிக்கலாம். முதியோர் பாடுவதை ஒலிப்பதிவு செய்யலாம். அது கேட்டுக் கற்பதற்காக இருக்கட்டும், நமக்குப் பதிலாய் ஒலிப்பதற்காக வேண்டாம்.

பெரிய வியாழன் இரவு முதல் ஆலய மணி அடிப்பதில்லை. மரக்கட்டையைத் தட்டி அழைப்பதே மரபு. அந்நாள்களில் மணி மௌனமாவது மரபுக்குப் பொருத்தம். ஊரும் உடன் மௌனமாவது பொருத்தமன்று. எம் தாயாரிடம் அந்த ஒப்பாரியின் அடிகளை இப்போது ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதி வருகிறோம். சில அடிகள் அவருக்கும் மறந்துவிட்டன. அவற்றைப் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் கேட்க வேண்டும்.