தெருவுக்கு ஒரு ரப்பர் படகு: சின்னதா, பெரிசா?

வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே சென்னையின் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு கேள்வி எட்டிப் பார்க்கும்: ‘நாமளே ஒரு ரப்பர் படகு வாங்கி வெச்சுக்கலாமா?’ 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை மக்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை. மிக்ஜாமின்போது காரப்பாக்கத்தில் சிக்கிய நடிகர்கள் ஆமிர் கானும் விஷ்ணு விஷாலும்கூட படகில்தான் வெளியே வந்தார்கள்.

அடுத்து வருவது சைஸ் பஞ்சாயத்து. சில ஆயிரம் ரூபாயில் முடியும் சின்னப் படகா? வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்துப் பெரிய படகா? ‘ஒரே ட்ரிப்ல பத்து பேர்’ என்ற கணக்கு கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், தெருவில் தேங்கும் வெள்ளத்துக்கு அந்தக் கணக்கு சரிப்படாது.

பெரிய படகு எங்கே சிக்கும்?

தேசியப் பேரிடர் மீட்புப் படை பயன்படுத்துவது போன்ற பெரிய ரப்பர் படகுகள் ஏரி, ஆறு, அகலமான சாலைகளுக்கு ஏற்றவை. மோட்டாரோடு சேர்ந்தால் எடை 100 கிலோவைத் தாண்டும். ஸ்டோர் ரூமிலிருந்து தூக்கி வரவே நாலைந்து பேர் வேண்டும்.

சந்துக்குள் நிலைமை இன்னும் மோசம். இரண்டு பக்கமும் கார், பைக் மூழ்கிக் கிடக்கும். படகைத் திருப்ப இடம் இருக்காது. மோட்டாரை ஓட்டினால் கேபிள், துணி, பிளாஸ்டிக் எல்லாம் அதன் விசிறியில் சுற்றிக்கொள்ளும். பக்கத்தில் தண்ணீரில் நடப்பவரின் காலுக்கும் ஆபத்து. அதனால்தான் குறுகிய தெருக்களில் மீட்புப் படையினரே இடுப்பளவு தண்ணீரில் நடந்து படகை இழுத்துப் போகிறார்கள்.

அப்போ சின்னதே போதுமா?

அதுவும் இல்லை. ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் நீச்சல்குளத்துக்கான பொம்மைகள். அட்டையில் ‘2 பேர்’ என்று போட்டிருந்தாலும், சில மாடல்கள் 100 கிலோகூட தாங்காது. துடுப்பு போடுபவர் 70 கிலோ என்றால், மிச்சம் ஒரு சின்னக் குழந்தைக்குத்தான் இடம். மெல்லிய பிவிசியைக் கிழிக்க காம்பவுண்ட் சுவரில் பதித்த ஒரு கண்ணாடித் துண்டு போதும்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, படகு யாருக்குத் தேவை என்பதுதான். நடமாடக்கூடியவர்கள் மேல்மாடிக்குப் போய் ஒன்றிரண்டு நாள் சமாளித்துவிடலாம். டயாலிசிஸ் தேதி தள்ளிப்போகும் நோயாளியோ, நிறைமாத கர்ப்பிணியோ, படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியோ காத்திருக்க முடியாது. தெருவுக்கு இப்படி ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். பத்து பேரை அள்ளிக்கொண்டு போவதைவிட, ஒருவரைப் படுக்கவைத்து வீட்டு வாசலிலிருந்து மெயின் ரோடு வரை கொண்டுபோவதுதான் அவசரத் தேவை.

நடுவில் ஒரு வழி

அதற்குச் சுமார் 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 300 முதல் 400 கிலோ தாங்கும் படகே பொருத்தம். உள்ளே ஒருவர் காலை நீட்டிப் படுக்கலாம். குறைந்தது மூன்று தனித்தனி காற்றறைகள், கெட்டியான அடிப்பாகம், சுற்றிலும் பிடித்து இழுக்கக் கயிறு இருக்க வேண்டும். ஓர் அறை கிழிந்தாலும் மற்றவை மிதக்க வைக்கும். மோட்டார் தேவையில்லை. கையில் பணம் கூடுதலாக இருந்தால், பெரிய படகு ஒன்றுக்குப் பதில் இந்த மாதிரி இரண்டு வாங்கலாம். மெயின் ரோட்டிலிருந்து மீட்புப் படையின் பெரிய படகோ டிராக்டரோ பார்த்துக்கொள்ளும்.

வாங்கும் முன் வீட்டு கேட்டின் அகலத்தை அளப்பது நல்லது. கால் பம்ப் கட்டாயம். வெள்ளத்தில் கரன்ட் இருக்காது. படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். மொட்டைமாடி வெயிலும் எலியும் படகுக்கு எமன் என்பதால், செப்டம்பரிலேயே ஒருமுறை காற்றடித்து, ஓர் இரவு அப்படியே விட்டு, காற்று இறங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஒரு எல்லையும் உண்டு. இந்தப் படகு தேங்கிய தண்ணீருக்கு மட்டும்தான். அடையாற்றங்கரை போல வெள்ளம் இழுத்துக்கொண்டு ஓடும் இடத்தில் இறக்கவே கூடாது. அங்கே முன்கூட்டியே வெளியேறுவதுதான் பாதுகாப்பு. தெருவில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும் வரை தண்ணீரில் காலை வைக்கவும் கூடாது.

படகுக்கு வசூல் தொடங்கும் முன் அசோசியேஷன்கள் செய்ய வேண்டியது, யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுவது. அதில் உள்ள பெயர்களைப் பார்த்தாலே எந்த சைஸ் என்பதற்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.