கூடங்குளத்தின் கழிவும் மன்னார் வளைகுடாவும்

தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டக் கரையோரத்தில் அமைந்துள்ள கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றி நமது நாட்டில் எழும் பேச்சு பெரும்பாலும் ஒரேயொரு அச்சத்தைச் சுற்றியே அமைகின்றது. அங்குள்ள உலைகளில் விபத்து நேர்ந்தால் நமது வடமேற்குக் கரையோரத்தின் கதி என்ன என்பதே அது. கற்பிட்டிக்கும் கூடங்குளத்துக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 225 கிலோமீற்றர் மட்டுமே என்பதால் அந்த அச்சம் நியாயமானதே. எனினும், உலையில் பயன்படுத்தி முடிந்த எரிபொருள் எங்கே, எத்தனை காலம் வைக்கப்படப் போகின்றது என்ற கேள்வி இங்கு அரிதாகவே எழுப்பப்படுகின்றது. விபத்து நேரலாம், நேராமலும் போகலாம். கழிவோ உலை இயங்கும் ஒவ்வோர் ஆண்டும் தவறாது சேருவதாகும்.

ரஷ்யத் தொழில்நுட்பத்திலான, 1000 மெகாவாற் திறன்கொண்ட இந்த உலைகள் ஒவ்வொன்றிலும் 163 எரிபொருள் தொகுதிகள் உள்ளன. அவற்றுள் ஒரு பகுதி காலத்துக்குக் காலம் வெளியே எடுக்கப்பட்டுப் புதியவை இடப்படுகின்றன. இவ்வாறு ஓர் உலையிலிருந்து ஆண்டொன்றுக்குச் சராசரியாக 20 தொன்னுக்கும் அதிகமான பயன்படுத்தப்பட்ட எரிபொருள் வெளிவருகின்றது. வெளியே எடுத்த பின்னரும் அது பல ஆண்டுகள் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருப்பதால் நீர்த்தொட்டியில் அமிழ்த்தி வைக்கப்பட வேண்டும். அதிலுள்ள சீசியம் 137 பாதியாகக் குறைய 30 ஆண்டுகளும், புளூட்டோனியம் 239 பாதியாகக் குறைய 24,000 ஆண்டுகளும் செல்லும். கூடங்குளத்தில் முதலாவது உலை 2013 ஆம் ஆண்டிலும் இரண்டாவது உலை 2016 ஆம் ஆண்டிலும் மின்கட்டமைப்புடன் இணைக்கப்பட்டன. மேலும் நான்கு உலைகளின் நிர்மாணம் 2017 ஆம், 2021 ஆம் ஆண்டுகளில் ஆரம்பிக்கப்பட்டது.

1988 ஆம் ஆண்டு ராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும் உடன்படிக்கை செய்துகொண்டபோது, பயன்படுத்தப்பட்ட எரிபொருளைச் சோவியத் ஒன்றியமே திருப்பி எடுத்துச்செல்லும் என்பதே ஏற்பாடாக இருந்தது. 1998 ஆம் ஆண்டின் மேலதிக உடன்படிக்கை இதனை மாற்றியது. எரிபொருளை இந்தியாவே வைத்துக்கொள்ளும் என்றாயிற்று. அது கழிவன்று, மறுபதப்படுத்தலுக்கான மூலவளம் என்பது இந்திய அணுசக்தித் துறையின் நிலைப்பாடாகும். பெயர் எதுவாயினும், எடுத்துச்செல்லப்படும் நாள்வரை அந்தப் பொருள் அதே கடற்கரையில்தான் கிடக்கும்.

2013 மே மாதம் கூடங்குளம் நிலையத்துக்கு அனுமதியளித்துத் தீர்ப்பு வழங்கிய இந்திய உச்ச நீதிமன்றம், உலைக்கு அப்பால் தனியானதொரு சேமிப்பகம் ஐந்து ஆண்டுகளுக்குள் அமைக்கப்படும் என்பதைக் கருத்திற் கொண்டிருந்தது. அந்தக் காலம் கடந்தது. இந்திய அணுமின் கழகம் மேலும் அவகாசம் கோரியது. 2022 ஏப்ரல் வரை நீதிமன்றம் நீடிப்பு வழங்கியது. அந்தத் திகதியிலும் சேமிப்பகம் தயாராகியிருக்கவில்லை. நிரந்தரப் புதைப்பிடத்தின் கதையோ இதனினும் மோசமானது. கர்நாடகாவின் கோலார் தங்கச் சுரங்கம் பற்றிய பேச்சு 2012 நவம்பரில் எழுந்தபோது அங்கு மக்கள் வீதியில் இறங்கினர். அத்திட்டம் இல்லையென அதிகாரிகள் உடனடியாக மறுக்க வேண்டியதாயிற்று. கோலார் மக்களின் எதிர்ப்புக்கு ஒரே வாரத்தில் செவிசாய்க்க முடிந்தவர்களுக்கு, இடிந்தகரை மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் எழுப்பிய குரல் மட்டும் கேட்காமற் போனது ஏன் என்ற கேள்வி எழவே செய்கின்றது.

தனியான சேமிப்பகத்தை அமைப்பது தன்னளவில் தவறு என்று கூறுவதற்கில்லை. உலைக் கட்டடத்துக்குள் உள்ள தொட்டி சில ஆண்டுகளின் எரிபொருளையே கொள்ளும். அது நிரம்பி வழியும் நிலையைவிட, குளிர்ந்த எரிபொருளை உறுதியானதொரு கட்டடத்துக்கு மாற்றுவது பாதுகாப்பானதே. 2011 ஆம் ஆண்டு புகுஷிமாவில் சுனாமி தாக்கியபோது, உலைகளுக்கு அருகிலிருந்த நீர்த்தொட்டிகளே பெரும் பீதியை ஏற்படுத்தின. அதே வளாகத்தில் உலர் கொள்கலன்களில் வைக்கப்பட்டிருந்த 408 தொகுதிகளோ, கட்டடத்தினுள் கடல்நீர் புகுந்தபோதும் பாதுகாப்பாக இருந்தன. ஆகவே கட்டுவதா இல்லையா என்பதல்ல இங்குள்ள சர்ச்சை. எந்த முறையில், எத்தனை ஆண்டுகளுக்கு, அதன் பின்னர் எங்கே என்பதே சர்ச்சை.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்ற ஏற்பாடு இவ்விடத்தில்தான் தன் குறையை வெளிக்காட்டுகின்றது. ஒரு கட்டடத்தைத் தனியாக எடுத்துக்கொண்டால் அதன் தாக்கம் சிறிதாகவே தெரியும். சிறிதளவு மண் அகழ்வு, தொட்டிநீரைத் தூய்மைப்படுத்தும் வடிகட்டிகளில் சேரும் கதிரியக்கக் கழிவு, ஓரளவு நீர்த் தேவை என்பவற்றோடு பட்டியல் முடிந்துவிடும். ஆனால் ஆறு உலைகள் பல தசாப்தங்கள் இயங்கி, போக்கிடம் எதுவும் தீர்மானிக்கப்படாத நிலையில், "தற்காலிக" சேமிப்பகம் எத்தனை தலைமுறைக்குத் தற்காலிகமானது? 2019 ஜூலை 10 ஆம் திகதி ராதாபுரத்தில் நடைபெறவிருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இதனைக் கேட்டிருக்க முடியும். அக்கூட்டம் திகதி குறிப்பிடப்படாமல் ஒத்திவைக்கப்பட்டது. 2022 பெப்ரவரியில் தமிழக முதலமைச்சராகவிருந்த மு.க.ஸ்டாலின், எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பியனுப்ப வழிகாணுமாறு பிரதமர் மோடிக்குக் கடிதம் எழுதினார்.

பின்லாந்தில் இதே பிரச்சினை வேறுவிதமாகக் கையாளப்பட்டது. அங்கு 400 மீற்றருக்கும் கீழே பாறையில் நிரந்தரப் புதைப்பிடம் அகழப்பட்டுள்ளது. யூராயோக்கி உள்ளூராட்சி மன்றம் 2000 ஆம் ஆண்டில் சம்மதம் தெரிவித்த பின்னரே நாடாளுமன்றம் அதனை ஏற்றது.

இனி நமது பக்கத்துக்கு வருவோம். கூடங்குளத்துக்கு வடகிழக்கே விரியும் மன்னார் வளைகுடா, இரு நாட்டு மீனவரும் நம்பி வாழும் கடலாகும். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்று அத்திசையிலிருந்து நம்மை நோக்கியே வருகின்றது. 2012 இல் அப்போதைய மின்சக்தி அமைச்சர் சம்பிக்க ரணவக்க இந்நிலையம் குறித்துக் கவலை வெளியிட்டிருந்தார். விபத்து நேர்ந்தால் அறிவிக்க வேண்டும் என்ற 1986 ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா பங்காளியாக உள்ளது. ஆனால் பயன்படுத்தப்பட்ட எரிபொருள் முகாமைத்துவம் தொடர்பான 1997 ஆம் ஆண்டின் கூட்டு உடன்படிக்கையில் அது இணையவில்லை. புதிய சேமிப்பகம் அமைக்கப்படும்போது அயல்நாட்டைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற கடப்பாடு அந்த உடன்படிக்கையிலேயே உள்ளது. வேறு சொற்களிற் கூறுவதாயின், வீடு தீப்பற்றினால் நமக்குச் சொல்லியனுப்புவார்கள். விறகை எங்கே அடுக்குவது என்று நம்மிடம் கேட்கமாட்டார்கள்.

கொழும்பின் கையில் ஒன்றுமே இல்லை என்பதும் உண்மையன்று. 2015 பெப்ரவரியில் புதுடில்லியில் கைச்சாத்திடப்பட்ட இந்திய - இலங்கை அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கை, கதிரியக்கக் கழிவு முகாமைத்துவம், அனர்த்தத் தணிப்பு, சுற்றாடல் பாதுகாப்பு ஆகியவற்றையும் உள்ளடக்கியதாகும். சேமிப்பகம் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையை அதன் கீழ் கேட்டுப்பெற்று, தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுவதற்குத் தடையேதும் இல்லை.

அதனிலும் அவசரமானது அளவீடாகும். வளைகுடாவின் நீரிலும், மீனிலும், கடலடி மண்ணிலும் இன்றுள்ள கதிரியக்க அளவை இரு நாடுகளும் இணைந்து பதிவுசெய்து பகிரங்கப்படுத்த வேண்டும். இன்றைய அளவு பதிவாகாவிடின் நாளை எது கூடியது, எது கூடவில்லை என்று எவராலும் நிரூபிக்க முடியாது. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது மக்கள் மீன் வாங்கவே அஞ்சியதையும், கடலில் இறங்காத மீனவரின் பிழைப்புக்கூட வதந்தியால் பாதிக்கப்பட்டதையும் கண்டோம். கூடங்குளத்தில் ஒன்றுமே நேராவிட்டாலும், ஏதோ நேர்ந்ததாக ஒரு செய்தி பரவினால் போதும். மன்னார், கற்பிட்டி, புத்தளம் மீன்சந்தைகள் வெறிச்சோடும். அந்த வேளையில் தலைமன்னார் மீனவரின் கையில் காட்டுவதற்கு ஓர் அளவீட்டு அறிக்கையாவது இருக்க வேண்டும். அதனைத் தயாரிப்பதற்குரிய அணுசக்திச் சபை கொழும்பிலேயே உள்ளது.