தாடையையும் காக்கும் ஹெல்மெட்

ஆசிரியருக்கு,

வெயில் தாங்கவில்லை என்று சொல்லி, சென்னையில் பலரும் உச்சந்தலையை மட்டும் மூடும் தொப்பி ஹெல்மெட்டையே வாங்குகிறார்கள். குப்புற விழுந்தால் தாடையும் பல்லும் என்னாவது? முழுமுக ஹெல்மெட்டிலேயே நெற்றிப் பக்கம் காற்றுத் துளையும், கழற்றித் துவைக்கக்கூடிய உள்துணியும் உள்ளவை கிடைக்கின்றன. வியர்வைக்குப் பயந்து தாடையைப் பணயம் வைக்க வேண்டாம். மழையில் முன்கண்ணாடியை ஒரு விரற்கடை திறந்துவைத்தால் மூச்சுக்காற்றின் ஆவி படியாது. கறுப்புக் கண்ணாடி மட்டும் கூடவே கூடாது. இருட்டியபின் வேகத்தடைகூடத் தெரியாது.

ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்க 2021 ஜூன் முதலே தடை இருக்கிறது. ஆனாலும் சாலையோரத்தில் அவை குவிந்து கிடக்கின்றன. ஹெல்மெட் போடாதவருக்கு அபராதம் விதிக்கும் காவல்துறை, இவற்றை விற்பவர்கள் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

– ஒரு வாசகர், தாம்பரம்