மணமகளின் சம்மதம்

திண்டுக்கல் பேகம்பூரில் நிக்காஹ் நாளன்று சீரகச் சம்பாப் பிரியாணியின் மணம் தெருமுனையிலேயே நம்மை வரவேற்கும். விருந்தைக் குறைகூற வந்தோமல்லோம்; அதை வெறுப்பார் யார்? ஆயினும் நிக்காஹ்வின் உயிர்நிலை மணமகளின் சம்மதமும் அவளுக்குரிய மஹருமன்றோ? உள்ளறையில் அவளிடம் சம்மதம் கேட்கும் நிகழ்ச்சியோ நொடியில் கழிகின்றது. மௌனமும் சம்மதமே என்பர்; மனம்விட்டுப் பேச இடந்தந்தபின் எழும் மௌனமே அத்தகையது. அச்சத்தின் மௌனம் வேறு.

பல திருமணங்களில் தப்தரில் ஏறும் மஹர் சிறுதொகை. ஏறாத கைக்கூலியோ பெருந்தொகை. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கைக்கூலியைக் குற்றமாக்கியது. மஹரையோ அதன் வரையறையினின்று விலக்கியது. சட்டம் கண்ட இவ்வேறுபாட்டை நாம் காண வேண்டாவா? நாள் குறிக்கும் முன்னரே ஜமாஅத்தார், பெண் விரும்பும் மூத்த மாதொருவர் வாயிலாக, சம்மதத்தையும் மஹரையும் அவளிடமே கேட்டறியட்டும். கைக்கூலி கைமாறிய இல்லத்திற்குத் தப்தர் செல்லாதிருக்கட்டும்.