பாலும் பகையாகுமோ?

சென்ற இதழில், ஊருக்குச் செல்வோர் 60 நாட்களுக்கு முன்னரே பயணச்சீட்டைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தேன். இம்முறை வயிற்றைப் பற்றி எழுதுகிறேன். ரெயில்வே குமாஸ்தாவுக்கு வைத்தியம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே, நான் பட்டதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

ஜபல்பூருக்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் இருந்தவரை எனக்குப் பால் என்பது காலையும் மாலையும் காப்பியில் கலக்கும் அளவுதான். இங்கு வந்த பின்னரோ, இரவில் ஒரு பெரிய குவளைப் பால், ஞாயிறுதோறும் கோவா ஜிலேபி, நண்பர் வீட்டு ரப்டி என்று வழக்கம் பெருகிற்று. 37 வயதில் தொல்லை தொடங்கியது. பால் அருந்திய சிறிது நேரத்தில் வயிறு பொருமும், இரையும். விடியுமுன் இரண்டு முறை எழுந்து ஓட நேரிடும். கோதுமைதான் காரணம் என்று நானே தீர்ப்பெழுதிச் சப்பாத்தியை நிறுத்தினேன். நம் வீடுகளில் பாலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் துணிவு யாருக்கு வரும்?

டாக்டர் கடிந்துகொண்டார். கோதுமையால் குடலைக் கெடுக்கும் சீலியாக் என்னும் நோய் ஒன்று உண்டாம். அதற்குரிய இரத்தச் சோதனை முடியும்வரை கோதுமையை உண்டுகொண்டிருக்க வேண்டும். முன்னரே நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். ஆகவே சில வாரங்கள் மீண்டும் சப்பாத்தி உண்டு சோதித்துக்கொண்டேன். அந்நோய் இல்லை. பிறகு இரண்டு வாரம் பாலை விலக்கச் சொன்னார். வயிறு அடங்கிற்று.

பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்கச் செய்யும் லாக்டேஸ் என்னும் பொருள் சிறுகுடலில் சுரக்கிறது. பால்குடி மறந்த பின்னர் அச்சுரப்பு உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினருக்குக் குறைந்துவிடுகிறது. வடநாட்டாரைக் காட்டிலும் தென்னாட்டாரிடையே இது மிகுதி. ஆகவே அண்டை வீட்டார் லோட்டா லோட்டாவாகப் பால் அருந்துவதைக் கண்டு நாமும் போட்டியிடுவதில் பொருளில்லை. இஃது ஒரு நோயன்று. தோலில் தடிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாக்கும் பால் ஒவ்வாமையும் அன்று. அது வேறு, ஆபத்தானது. ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை பெரும்பாலோர் தாங்குவர். 200 மில்லி பாலில் இருப்பது ஏறக்குறைய 10 கிராம். ஆகவே காப்பிக்குத் தடையில்லை! தயிரில் உறைக் கிருமிகள் அச்சர்க்கரையில் ஒரு பகுதியைப் புளிக்கச் செய்துவிடுவதால் மோரும் தயிர்சாதமும் எனக்கு ஒத்துக்கொள்கின்றன. சுண்டக் காய்ச்சிய கோவாவும் ரப்டியும்தான் பகை.

இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு அவசியமே இல்லை. ஒரு விடையைக் கண்டுபிடித்தவன் அதையே எல்லாக் கணக்குக்கும் விடையாக எழுதுவான் அல்லவா? எங்களுடன் வாழும் என் தமக்கையாருக்கு வயது 47. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், முகம் வெளிறியிருந்தது. "அக்கா, உங்களுக்கும் பால்தான் ஆகவில்லை" என்று நான் சொன்னேன். என் சொல்லை நம்பி அவர் பாலை விட்டார், தயிரையும் விட்டார். ஆறு மாதங்கள் சென்றன. ஒரு நாள் சமையலறையில் மயங்கி விழுந்தார்.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையாதிருக்க வேண்டிய இடத்தில் 7 கிராமே இருந்தது. மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் அவருக்கு ஓராண்டாக மிகுந்த உதிரப்போக்கு இருந்திருக்கிறது. "இதை உன்னிடம் எப்படித் தம்பி சொல்வது?" என்றார். என் மனைவியிடமும் சொல்லவில்லை. இந்த வயதில் எல்லாருக்கும் இப்படித்தான் என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டாராம். கருப்பையைப் பரிசோதித்து மருத்துவம் செய்தார்கள். இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தார்கள். பாலுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மாறாக, அப்பருவத்துக்குப் பின் பெண்களின் எலும்பு விரைவாகத் தேய்வதால் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று டாக்டர் எடுத்துரைத்தபோது நான் தலை குனிந்தேன். அவருக்கு வேண்டியதையே அல்லவா நான் பறித்திருந்தேன்!

இதை எழுதலாமா என்று தமக்கையாரிடம் கேட்டேன். "எழுது. என்னைப் போல் வாய்மூடி இருப்பவர்கள் நம் சங்கத்திலேயே இருப்பார்கள்" என்றார். எடை குறைதல், மலத்தில் உதிரம், காரணமறியாச் சோர்வு இவை கண்டால் உணவின்மேல் பழி சுமத்திக்கொண்டு காத்திராதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் வாரம் நான்கு நாள் கேழ்வரகுக் கூழோ அடையோ உண்டு. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஊரிலிருந்து வருவோர் மாவு கொண்டுவந்தால் மகிழ்ச்சி.

முன்பு சரத் பூர்ணிமையன்று அண்டை வீட்டு அம்மாஜி நிலவொளியில் வைத்தெடுத்த கீர் அனுப்பியபோது, காரணம் சொல்லக் கூசி அதைத் திருப்பியனுப்பினேன். பல நாட்கள் அவர் முகங்கொடுத்துப் பேசவில்லை. மறு ஆண்டு நேரில் சென்று உள்ளதைச் சொன்னேன். அம்மாஜி சிரித்தார். அன்றிரவு தமக்கையாருக்கு ஒரு முழுக் கிண்ணம் வந்தது. எனக்கு இரண்டு கரண்டி.